ஓர் அங்குலத் தாளில் படுவான்கரைக் குளங்கள்

காலமான பெரியப்பாவின் தகரப் பெட்டியில், துணி ஒட்டி மடித்த பழைய வரைபடத் தாள் ஒன்று கிடைத்தது. ஒரு மைல் ஓர் அங்குலமாகும் 1:63,360 அளவுத்திட்டத்தில், இலங்கை நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதற்கும் வரைந்த வரிசையைச் சேர்ந்தது அது. மடிப்புகளில் மை உதிர்ந்திருந்தாலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உறுகாமக் குளம் முதல் பெயரில்லாச் சிறு குளங்கள் வரை நீலத்தில் தெளிவாக நிற்கின்றன.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 100 அடிக்கு ஒன்றாகவே இடப்பட்டிருப்பதால், வாவியோரத் தாழ்நிலத்தில் அவற்றைக் காண்பதே அரிது. ஆயினும் நிலம் எப்பக்கம் சரிகிறது என்பதைக் குளங்களே காட்டிவிடுகின்றன. கட்டு அமைந்த பள்ளப் பக்கத்தில் கரை நேராக ஓடும். நீர் வந்து சேரும் மேட்டுப் பக்கமோ விரல் விரலாகப் பிரிந்து காட்டுக்குள் நுழையும். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த பெரியப்பா, "கட்டைப் பார் மகன், வாய்க்கால் எங்க போகும் எண்டு தெரியும்" என்று இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

1961 இல் அம்பாறை தனி மாவட்டமாவதற்கும், 1949 இல் இங்கினியாகலையில் அணை வேலை தொடங்குவதற்கும் முந்திய தாள் இது. அந்த அணையால் உருவான சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் இன்று விரிந்து கிடக்கும் இடத்தில் பட்டிப்பளை ஆறு மெல்லிய கோடாக வளைந்து செல்வதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

கட்டு அறுந்து கைவிடப்பட்ட குளமொன்றைச் சுற்றி, பெரியப்பா பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். அறுவடை முடிந்ததும் அந்த இடத்துக்குப் போகிறேன்.