அக்குவினாஸ் கானோன்: வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

முதுகலை இசையியலில் பைசாந்திய இசைக்கு, அதாவது கிரேக்கத் திருச்சபையின் பழைய வழிபாட்டு இசைக்கு, ஒரு தாள் உண்டு, கூடவே வாய்மொழித் தேர்வும். புனித தாமஸ் அக்குவினாஸைப் போற்றி கிரேக்கப் பாடகர் யோவான்னிஸ் ப்ளூசியாதினோஸ் கிரேக்கத்தில் எழுதிய கானோன் என்ற வழிபாட்டுப் பாடலை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்ததில் ஆண்டுகளும் பெயர்களும் தண்ணீர் பட்ட பாடு. தேர்வில் வந்த முதல் கேள்வியோ இதுதான்: "கானோனில் ஒரு ட்ரோபாரியனுக்கு மெட்டு எங்கிருந்து வருகிறது?" ட்ரோபாரியன் என்றால் பாட்டின் ஒரு சரணம். எழுதியவரே போட்டது என்றேன். தேர்வாளர் எதுவும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எனவே முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கானோன் என்பது ஒன்பது விவிலியப் பாடல்களை அடியொற்றிய பாடல்களின் தொகுப்பு. செங்கடலைக் கடந்தபின் மோசே பாடிய பாட்டில் தொடங்கி மரியாளின் பாட்டில் முடியும். இரண்டாவது பாட்டைத் தவக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எயிர்மோஸ் என்ற மாதிரிச் சரணம் நிற்கும். பின்னால் வரும் ட்ரோபாரியன்கள் அதே மெட்டில்தான் போகவேண்டும். அசை எண்ணிக்கையும் அழுத்தம் விழும் இடமும் பிசகக்கூடாது.

படித்து மட்டும் இது மனசில் நிற்காது, விரல்விட்டு எண்ணவேண்டும். எல்லோருக்கும் தெரிந்த தமாஸ்கு யோவானின் உயிர்ப்புப் பெருவிழா கானோனையே எடுங்கள். எயிர்மோஸின் முதல் வரி: அ-ன-ஸ்தா-சே-ஓஸ்-ஈ-மே-ரா. எட்டு அசை. அழுத்தம் மூன்றிலும் ஏழிலும். அடுத்த ட்ரோபாரியனின் தொடக்கம்: க-தார்-தோ-மென்-தஸ்-ஏஸ்-தீ-சிஸ். மறுபடியும் எட்டு, மறுபடியும் மூன்று, ஏழு. தேர்வு முடிந்த அன்று இரவுதான் இதை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிகளும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. ஒரு மாதம் படித்தும் பிடிபடாதது பத்து நிமிடத்தில் பிடிபட்டது. நம் ஊரில் தெரிந்த மெட்டுக்குப் புதுப் பாட்டுக் கட்டுகிறவர் செய்யும் அதே வேலைதான்.

மெட்டை எழுதிவைக்கும் பைசாந்திய இசைக்குறிகளை மிரட்சியோடு பார்க்காதீர்கள். அவை சுரத்தின் பெயரைச் சொல்வதில்லை. முந்தைய இடத்திலிருந்து எவ்வளவு நகர்வது என்பதைத்தான் சொல்கின்றன. ஈசோன் என்றால் அதே இடம், ஒலிகோன் ஒரு படி மேலே, அப்போஸ்த்ரோபோஸ் ஒரு படி கீழே. இந்த மூன்றோடு ஒரு வாரம் பாடுங்கள், மற்றவை தானாக வரும். இப்படிப் படிப்படியாகப் பாடிப் பழகுவதற்குப் பராலகி என்று பெயர். அதற்காகவே ப்ளூசியாதினோஸ் வட்டங்கள் போட்ட ஒரு பயிற்சிப் படம் வரைந்து வைத்திருக்கிறார். அதைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினேன். மாணவர்களை மனதில் வைத்து வேலை செய்த மனிதர் என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.

இனி வரலாறு. ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரே கேள்வியில் கோத்துக்கொள்ளுங்கள்: லத்தீன் திருச்சபையின் டொமினிக்கன் துறவி ஒருவரைக் கிரேக்கப் பாடகர் ஏன் பாடினார்? தாமஸ் இறந்தது 1274இல், புனிதர் பட்டம் பெற்றது 1323இல். லத்தீன், கிரேக்கச் சபைகள் இரண்டும் பிரிந்து எவ்வளவோ காலம் கழித்து வந்த புனிதர் அவர். ஆனால் 1354இலேயே பைசாந்திய அறிஞர் திமித்ரியோஸ் கிதோனிஸ் அவருடைய பெரிய நூல் ஒன்றைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துவிட்டார். பிறகு 1439இல் புளோரன்ஸ் சங்கம் என்ற திருச்சபை மாநாடு இரு சபைகளும் இணைவதாக அறிவித்தது. கிரேக்கர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வெனிஸ் ஆட்சியில் இருந்த கிரீட்டில் பிறந்த ப்ளூசியாதினோஸ் ஏற்றார். அந்தச் சங்கத்தைப் போற்றியே ஒரு கானோனும் எழுதியிருக்கிறார்.

புனிதர் மேற்கைச் சேர்ந்தவர். பாட்டின் வடிவமும் மொழியும் கிழக்கின் பழைய மரபு. இணைப்பைப் பற்றி வாதம் செய்து சொல்வதை இவர் வழிபாட்டுக்குள் வைத்தே சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. விடைத்தாளில் இந்த இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

குழுவாகப் பாடுவது என்றதும் பலகுரல் இசை என்று எழுதிவிடாதீர்கள். கானோன் ஒற்றை மெட்டுதான். குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு: இதே ப்ளூசியாதினோஸ் லத்தீன்காரர் பாணியில் இரண்டு குரலுக்கும் ஒரு நற்கருணைப் பாடல் அமைத்திருக்கிறார். அது வேறு, இது வேறு.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எயிர்மோஸை மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் அதைத்தான் பாடச் சொன்னார்கள்.