மினிட் புத்தகத்தில் மீன்காரம்மாக்கள்

நகராட்சி என்றால் எல்லோருக்கும் மன்றக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். கவுன்சிலர்கள் எழுந்து பேசுவதும் வெளிநடப்பு செய்வதும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஆனால் ஊரில் எது எங்கே அமைய வேண்டும் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, ஆணையாளர் அறையில் பத்துப் பதினைந்து பேர் உட்காரும் குழுக்களில் முடிவாகிவிடும். இராமநாதபுரம் கடற்கரையோர நகராட்சி ஒன்றில் அந்தக் குழுக்களில் பேசுவதையும் முடிவாவதையும் மினிட் புத்தகத்தில் குறிப்பெழுதும் வேலை எனக்கு. நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். மனதில் நிற்பது தெருவோர வியாபாரிகள் விஷயத்தைப் பேசும் நகர விற்பனைக் குழுதான்.

2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம்தான் அந்தக் குழுவைக் கொண்டுவந்தது. ஆணையாளர் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும்; அவர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து வர வேண்டும்; அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதுவரை மீன் விற்கும் பெண்கள் ஆபீசுக்கு வந்தால் வராந்தாவோடு சரி. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவோம். அவர்கள் சுகாதார ஆய்வாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. முதல் கூட்டங்களில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இடம் மாற்றும் பேச்சு வந்ததும்தான் பேச ஆரம்பித்தார்கள்.

சாலையோரம் உட்கார்ந்து விற்பவர்களைப் புதிதாகக் கட்டிய கொட்டகைக்கு மாற்றலாம் என்று அலுவலகக் குறிப்பு வந்தது. சாலை குறுகல், யாத்திரை வேன்கள் வேறு. வரைபடத்தில் டைல்ஸ் ஒட்டிய மேடை, குழாய், வடிகால் எல்லாம் இருந்தன. வயதில் மூத்த மீன்காரம்மா ஒருவர், "சார், படத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒருநாள் வெள்ளன அங்கன வந்து பாருங்க" என்றார். நம் ஆட்கள் தலத்தணிக்கைக்குப் போவது பதினோரு மணிக்கு. அதற்குள் மீன் விற்று முடிந்து, தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். அந்த ஆணையாளர் விடியற்காலையில் வந்தார். அதற்காக அவரை எப்போதும் மதிப்பேன்.

அந்த அம்மா மேடையில் ஏறி உட்கார்ந்து அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரு நகரை மீனை எடுத்தார். மீன் தண்ணீர் பட்டதும் டைல்ஸில் மனைக்கட்டை முன்னால் வழுக்கியது. இரண்டாவது மீனுக்கும் அப்படியே. "கை போயிரும் சார்" என்று மட்டும் சொன்னார். கொட்டகையின் திறந்த பக்கம் வடக்கே. வாடைக்காற்றுக் காலத்தில் மழைச்சாரல் முழுக்க மீன்மேல்தான் விழும் என்று இன்னொருவர் காட்டினார். பொறியாளர் அங்கேயே நின்று குறித்துக்கொண்டார்: மேடைக்குச் சொரசொரப்பான சிமெண்டு, வடக்கே சுவர்.

அதோடு முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டு என்பதற்கு ஆதாரம்? ஆபீஸ் பதிவேடுகளில் பழையவை கரையான் தின்றுபோனவை. தரைக்கடைக்காரர்கள் ரசீது சேர்த்து வைப்பவர்களும் இல்லை. "புயலுக்கு முந்தியே எங்காத்தா இங்கனதான் வித்துச்சு" என்றார் அந்த அம்மா. இந்தக் கடற்கரையில் எந்தப் புயல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்தான். வாய்மொழியெல்லாம் குழுவில் ஏறாது என்று ஓர் அதிகாரி மறுத்தார். ஆணையாளர், சொன்னவர் பெயரோடு சொன்னபடியே எழுதச் சொன்னார். பிறகு பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருவரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். குழு ஏற்றது. காலை பத்து மணிவரை பழைய இடத்திலேயே விற்பது, கொட்டகைக்கு விரும்பியவர்கள் மட்டும் போவது என்று தீர்மானம்.

"விவாதிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது" என்று இரண்டே வார்த்தையில் முடிப்பது ஆபீஸ் வழக்கம். இந்த வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆணையாளர்கள் மாறிப்போவார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல்வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். அப்படிப்பட்ட காலத்தில் வரும் புது அதிகாரிக்கு முந்தைய பேச்சு தெரிய மினிட் புத்தகத்தை விட்டால் வேறு வழி கிடையாது. யார் சொன்னார், என்ன காரணம் சொன்னார் என்பது அதில் இல்லாவிட்டால், அதே கோப்பு மறுபடி மேசைக்கு வரும். அதே பெண்கள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சந்தையில் உட்கார்ந்து விற்பதற்கு வசூலிக்கும் அடிக்காசு விஷயம் வேறு விதம். அதை வசூலிக்கும் குத்தகை ஏப்ரல் 1-இல் தொடங்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வருகிறதே, ஏன் குறைக்க வேண்டும் என்பது குத்தகைதாரர் வாதம். வருகிறதுதான். ஆனால் அந்த நாட்களில் ஏலத்தில் மீன் விலை ஏறிவிடும். நாலு கூடை எடுக்கும் பணத்தில் ஒரு கூடைதான் எடுக்க முடியும்; அடிக்காசு மட்டும் அதேதான். பாதி வசூலிக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. மன்றம் அடுத்த ஆண்டு ஏல நிபந்தனையில் சேர்த்தது. குத்தகைத் தொகை கொஞ்சம் இறங்கியது. இறங்கட்டும் என்பதே என் கருத்து.

இன்னும் தீராத ஒன்று கணக்கெடுப்பு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கச் சட்டம் சொல்கிறது. வியாபாரி அடையாள அட்டை வாங்கியவர்கள் எல்லாம் உட்கார்ந்து விற்பவர்கள். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும் பெண்களும் அந்தச் சட்டப்படி வியாபாரிகள்தான். கணக்கெடுப்பவர் சந்தைக்கு வரும் நேரத்தில் அவர்கள் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில் இருப்பார்கள். அடுத்த முறை ஏலக்கரையிலும், முதல் பஸ் கிளம்பும் இடத்திலும் ஆள் நிறுத்தி எடுக்க வேண்டும் என்று குறிப்பு வைத்திருக்கிறேன். அது பொருள் நிரலில் ஏற வேண்டும்.