பின் ஆக்சிலுக்குப் புதிய கிரவுனும் பினியனும்

ஆனைமலை அடிவாரத் தோட்டத்துப் பாறைச் சரிவில் எங்கள் ஜீப்பின் பின் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறிந்து, அதன் துகள்கள் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பற்களையும் சிதைத்துவிட்டதால், பொள்ளாச்சிப் பட்டறையில் ஆக்சிலின் உறையான ஹவுசிங்கை முழுவதும் பிரித்துக் கழுவினோம். பெரிய டயர் மாட்டியதிலிருந்தே ஏற்றத்தில் இழுவை குறைந்திருந்தது. ஆகவே கிரவுனில் 37, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 பல் என்றிருந்த ஜோடியை நீக்கி, 39க்கு 8 பல் கொண்ட, அதாவது இழுவையைக் கூட்டும் ஏறத்தாழ 4.88 விகித ஜோடியைப் பொருத்தினோம். நான்கு சக்கர இயக்கத்தில் இரு ஆக்சில்களும் வேறுவேறு விகிதத்தில் சுழன்றால், இரண்டுக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது என்பதால், முன் ஆக்சிலுக்கும் அதே விகிதம்தான். மெக்கானிக் அண்ணன் பற்களில் மஞ்சள் சாயம் தடவிச் சுழற்றி, பற்கள் ஒன்றோடொன்று உரசும் தடம் பல்லின் நடுவில் விழும்வரை, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்தார். என்னைக் கேட்டால், அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும். முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டிவிட்டு, கியர் ஆயிலை மாற்றச் சொல்லியிருக்கிறார்.