கூரைத் தகரமும் 914 மெகாஹெர்ட்ஸும்

விடியற்காலை மூன்று மணிக்குச் சுத்தமாக இருக்கிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இரைச்சல் ஏறுகிறது என்று ஒரு செல்போன் டவர் சைட்டைப் பற்றிச் சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் பிம். சாயங்காலம் பேசுகிறவர்கள் கூடக்கூட டவர் அனுப்பும் பவரும் ஏறும், அதோடு பிம்மும் ஏறும். முழுப்பெயர் பாசிவ் இன்டர்மாடுலேஷன். டவர் வேலையில் இருக்கும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

ஆம்ப்ளிஃபையர் மாதிரி கரண்ட் வாங்கி வேலை செய்யும் சாமான்களில் இரண்டு சிக்னல் கலந்து மூன்றாவது பிறப்பது உண்டு. பிம்மில் அதைச் செய்வது வெறும் இரும்பு. இரண்டு உலோகம் சரியாகச் சேராமல் நடுவில் துரு படிந்திருந்தால் அந்த இடம் டயோடு மாதிரி நடந்துகொள்ளும். வோல்டேஜ் இரட்டித்தால் கரண்டும் இரட்டிக்க வேண்டும், அங்கே அது நடக்காது. அந்தக் கோணலில்தான் புது ஃப்ரீக்வென்சிகள் கிளம்புகின்றன.

கணக்கு எளிது. ஒரே மாடியில் இரண்டு கம்பெனி ஆண்டெனாக்கள். ஒன்று 936 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது, இன்னொன்று 958இல். 936ஐ இரட்டித்து 958ஐக் கழித்தால் 914. நம்ம ஊர் 900 பேண்டில் 890 முதல் 915 வரை என்பது போன்கள் டவருக்குப் பேசும் பாதை. அதாவது டவரின் காதுக்குள்ளேயே போய் இரைகிறது. அனுப்பும் பவர் 20 வாட். தூரத்துப் போனிலிருந்து வந்து சேருவதோ, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. துரு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்தப் பங்கை மூழ்கடிக்க அது போதும்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மொட்டைமாடி சைட். கடல் காற்று நேராக வந்து அடிக்கும். தூரத்துக் குப்பத்தில் இருப்பவர்களுக்கு எதிராளி பேசுவது கேட்கும், இவர்கள் பேசுவது எதிராளிக்குப் போகாது. டவர் கருவியின் கார்டு மாற்றிப் பார்த்தாயிற்று, ஜம்பர் கேபிளும் மாற்றியாயிற்று. கேபிள் முனைகளில் இருக்கும் டின் (DIN) கனெக்டர்களை எல்லாம் கழற்றித் துடைத்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினோம். கை அளவில் இறுக்கிவிட்டு இறங்குகிற பழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. பாதிப் புகார்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இந்த சைட்டில் அதற்கும் இரைச்சல் இறங்கவில்லை.

ராத்திரி ஆளரவம் குறைந்ததும் இரண்டு கம்பெனி பவரையும் பாதியாக்கச் சொன்னோம். இந்த வகைக் கலப்பில், இரண்டையும் பாதியாக்கினால் பிறந்தது எட்டில் ஒரு பங்காக வேண்டும். நேரில் துரு அவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஆனாலும் பாதியைவிட நன்றாகவே இறங்கும். இறங்கியது. வெளியிலிருந்து வேறு யாரோ அனுப்புகிற சிக்னலாக இருந்தால் அசைந்திருக்காது.

அப்புறம் பிம் மீட்டரை மாட்டினோம். கோளாறு எத்தனை மீட்டரில் என்று அது காட்டும். ஆண்டெனாவைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் காட்டியது. அங்கே இருந்தது வடகம் காயப்போட, விறகு வைக்க என்று வீட்டுக்காரம்மா போட்டிருந்த தகரக் கொட்டகை. என்னோடு வந்த, டவர் ஏறி வேலை செய்யும் ரிக்கர் ஒரு மூங்கிலால் தகரத்தை மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட மீட்டரில் அளவு குதித்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்த இரண்டு தகரங்களின் விளிம்பில் துரு செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது.

"ஏன் தம்பி, போன் கோளாறுக்குக் கொட்டாயிலயா தேடுவீங்க? எங்க வீட்ல நல்லாத்தானே கேக்குது."

"பக்கத்துல இருக்கிற போன்ல இது தெரியாதும்மா. தூரத்துல இருக்கிறவங்க போன்தான் இதுல அமுங்கிப் போகுது."

கீற்று வேய்ந்து தருகிறோம் என்றோம். வருஷா வருஷம் யார் மாற்றுவது என்று கேட்டார், நியாயமான கேள்வி. கடைசியில் கம்பெனிச் செலவில் சிமென்ட் ஷீட் என்று முடிவானது. பழைய போல்ட் ஒன்றைக்கூடத் திரும்பப் போட விடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். துருப்பிடித்த ஜே போல்ட் ஒன்று போதும், மறுபடியும் ஆரம்பிக்கும். மறுநாள் சாயங்காலம் மைனஸ் 95 டிபிஎம் பக்கம் இருந்த இரைச்சல் மைனஸ் 110க்குப் போயிருந்தது. மைனஸ் எண் பெரிதானால் இரைச்சல் குறைந்தது என்று அர்த்தம்.

உங்கள் பகுதியில் இப்படி ஒருவழியாகக் குரல் போகாமல் இருந்தால், புகார் கொடுக்கும்போது எந்த நேரத்தில் மோசமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கஸ்டமர் கேரில் அதைக் கேட்க மாட்டார்கள். டவர் ஏறுகிறவனுக்கு முதலில் வேண்டியது அதுதான்.