ஹேவ்லாக்கில் பதினோரு டைவ்: ஒரு கிணத்துக்காரனின் மூச்சுக் கணக்கு

ஓமலூர் பக்கம் எங்கள் பாட்டி ஊர்க் கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவன் நான். பத்து வயதில் புருடையைக் கழற்றிப் போட்டாயிற்று. பதினைந்தில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்து, அடிவரை போய், ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு வந்து மேலே நிற்பவர்களுக்குக் காட்டுவோம். யார் அதிக நேரம் மூச்சடக்கி உள்ளே இருப்பது என்று பந்தயம் வேறு. அறுபது எண்ணும்வரை இருந்திருக்கிறேன். அதனால் அந்தமானில் ஸ்கூபா டைவிங் என்று கிளம்பியபோது, நமக்கென்ன, ஒரே நாளில் கைக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்று பயணமும் இரண்டு வருடமும் ஒரு காதுவலியும் ஆயின.

குறிப்பு நோட்டில் கிறுக்கி வைத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சேலம் மாதிரி கடலே இல்லாத ஊரிலிருந்து போகிறவர்கள் படித்துவிட்டுப் போகலாம்.

2023 ஜனவரி: டைவ் 1

சென்னைக்கு ரயில், போர்ட் பிளேருக்கு விமானம், அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக்குக்கு 2018-லேயே ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். படகுக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களைக் குடியேற்றிய தீவு அது. கோவிந்த நகர், ராதா நகர், ஷியாம் நகர் என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே தெரியும்.

எனக்கு வாய்த்த பயிற்சியாளர் போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பையன். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். கிணற்றுப் பெருமையை எடுத்துவிட்டேன்.

"மூச்சப் பிடிக்கிறதத்தான் அண்ணா இங்க பண்ணவே கூடாது. மத்த எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க" என்றார்.

காரணம் எளிது. கடல் மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டு, இருபதில் மூன்று. கிணற்றில் மேலே இழுத்த மூச்சு அடியில் சுருங்கும், திரும்பி வரும்போது பழைய அளவுக்கே விரியும், அவ்வளவுதான். சிலிண்டர் மூச்சு அப்படியில்லை. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் உள்ளே இருக்கிற காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். எந்நேரமும் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொன்று. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று என் மச்சான் இன்றுவரை நம்புகிறார். நாம் இங்கே சுவாசிக்கிற அதே காற்றைத்தான் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்.

நீமோ ரீஃபுக்குப் படகு வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். முதல்முறை வருகிறவர்களை அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். சிலிண்டரைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டே வருவார், சந்தைக்கு ஆட்டுக்குட்டியை ஓட்டிப் போகிற மாதிரி. எட்டு மீட்டர், அரை மணி நேரம். கடற்சாமந்திக்குள் கோமாளி மீன்கள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. சாமந்தி என்று பேர்தான், அது பூ இல்லை, கொட்டுகிற விலங்கு. மற்ற மீன் தொட்டால் சுருண்டுவிடும். கோமாளி மீனின் மேல் இருக்கிற வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. கூட்டத்திலேயே பெரியது பெண். அது செத்துப் போனால் அடுத்த இடத்தில் இருக்கிற ஆண், பெண்ணாக மாறிவிடும். வீட்டில் இதைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

அன்றைக்கு நான் மூச்சை மூன்று தடவை அடக்கினேன். மூன்று தடவையும் பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது.

நடுவில், சேலத்தில்

ஸ்கூபா கோர்ஸ் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பயம் கண்ணாடியில் தண்ணீர் புகுவதுதான். ஸ்கூபா கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடும். தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, மூக்கால் ஊதித் தள்ள வேண்டும். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் மூக்கு தண்ணீரில் இருக்கும்போது வாயால் மட்டும் சுவாசிப்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை. வீட்டுப் பித்தளை அண்டாவை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், தண்ணீர் நிரப்பி, ஸ்நார்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு கண்ணாடி இல்லாமல் முகத்தை உள்ளே விட்டேன். முதல் நாள் பத்து நொடியில் இருமி எழுந்தேன். பதினைந்தாவது நாள் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். எதிர்வீட்டு அம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று விசாரித்திருக்கிறார்.

காதுக்கு ஏற்காட்டு மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது காது தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும்போதுதான் அடைக்கும், கடலில் இறங்குவதும் அதே மாதிரிதான். வளைவுக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிப் பழகினேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் சுமார் 1200 மீட்டர் உயர வித்தியாசம். அந்த மலை முழுவதையும் இறங்கி வந்தால் காதுக்கு ஏறுகிற அழுத்தம், கடலில் ஒன்றரை மீட்டர் இறங்கினால் ஏறுவதைவிடக் குறைவு. இருபது வளைவும் சேர்ந்து என் மார்பளவுத் தண்ணீர்!

2024 மார்ச்: டைவ் 2, 3, அப்புறம் ஒரு அரை

டைவ் 2: ஆழம் 10 மீட்டர், நேரம் 27 நிமிடம், மிச்சக் காற்று 50 பார். 50 வந்தால் மேலே ஏறிவிட வேண்டும் என்பது கணக்கு. கூட வந்த பெங்களூர்ப் பெண்ணுக்கு அதே நேரத்தில் 110 மிச்சம். எனக்கோ நீச்சல் குளத்தில் தினம் முப்பது ரவுண்டு அடித்த உடம்பு. ரோஷம் வந்துவிட்டது.

டைவ் 3: 29 நிமிடம். உடம்பு மிதக்காமல் இறங்க இடுப்பில் ஆறு கிலோ ஈயம். மணலில் முட்டி இடித்து ஒரே கலங்கல்.

அடுத்த நாள் லேசாகச் சளி. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படகில் ஏறினேன். நாலு மீட்டரில் இடது காது அடைத்தது. ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப முயல வேண்டும், சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நான் மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதி, இன்னும் கீழே போனேன். ஊசி வைத்துக் குத்தின மாதிரி இருந்தது. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே ரத்தச் சளி. பையன் திட்டவில்லை. "மாத்திரை போட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டார். அந்த மாத்திரையின் வேலை பாதி டைவில் முடிந்துபோனால், மேலே ஏறும்போது காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம் என்று பிறகு விளக்கினார். சேலத்தில் காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கிணத்துல எசகுபிசகா விழுந்தீங்களா?" என்றார். சவ்வு கிழியவில்லை, சிவந்திருந்தது. மூன்று வாரம் தலைக்குத் தண்ணீர் கூடாது. கோர்ஸ் பாதியில் நின்றது.

அப்பாவும் ஊதுகுழலும்

எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இப்போதெல்லாம் கேஸ் டார்ச்சில்தான் பற்றவைக்கிறோம். அப்பா காலத்தில் விளக்குச் சுடர், வாயில் ஊதுகுழல். கண்ணிக்குப் பற்றவைக்கிற பொடியும் வெண்காரமும் வைத்து, சுடரைக் குழலால் அதன்மேல் சாய்த்து ஊதுவார். நடுவில் மூச்சு நின்றால் சுடர் நிமிர்ந்துவிடும், பொடி உருகாது. கன்னத்தில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, அதை விட்டபடியே மூக்கால் அடுத்த மூச்சை இழுப்பார். பொடி வைத்து ஊதுவது என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வேலைதான்.

27 நிமிடக் கதையை அவரிடம் சொன்னேன். "நீ இழுக்கறதுல குறியா இருக்கற. விடறதப் பாரு. விடறது சன்னமா, நீளமா போச்சுன்னா இழுக்கறது தானா வரும்" என்றார். பழைய குழலை எடுத்துக் கொடுத்தார். மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, சுடர் அணையாமல், நிமிராமல், ஒரே சாய்வில் எட்டு எண்ணும்வரை ஊத வேண்டும். இரண்டு மாதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் வேலை. பயிற்சிப் புத்தகமும் வேறு வார்த்தையில் இதைத்தான் சொல்கிறது. மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது உள்ளே தேங்குகிற கரியமில வாயு. அரைகுறையாக விட்டுவிட்டு அவசரமாக இழுத்தால் அது வெளியேறுவதில்லை, காற்றுதான் வீண்.

2025 பிப்ரவரி: டைவ் 4 முதல் 11 வரை

கோர்ஸில் பாக்கியிருந்த இரண்டு டைவையும் முதல் இரண்டு நாளில் முடித்து, தேறியதற்கான அட்டை வாங்கியாயிற்று. 18 மீட்டர் வரை அனுமதி. அடிக்கணக்கில் 59. மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி, அதில் பாதிகூட இல்லை.

அந்தக் கணக்கு எனக்கு ஏன் ஓடியது என்றால், தண்ணீருக்கு அடியில் வேறொரு ஊர் இருக்கிறது என்று சின்ன வயதில் தெரிந்துகொண்டதே மேட்டூரில்தான். அணை வற்றினால் பண்ணவாடி நந்தி மேலே தெரியும். சர்ச் கோபுரமும் தெரியும். அப்பா கூட்டிப் போய்க் காட்டினார். தி வால் என்கிற இடத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது, நீலத்துக்குள்ளிருந்து பாறையின் மேல்விளிம்பு மெல்ல மெல்லத் தெரிய வந்தது. நந்தி ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பாறைத் திட்டு பத்துப் பன்னிரண்டு மீட்டரில் தொடங்கி, ஒரு பக்கம் சுவராகச் சரிந்து ஐம்பது மீட்டருக்கும் கீழே போகிறது. விளிம்பைத் தாண்டியதும் கீழே ஒன்றுமில்லை, கருநீலம் மட்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி வயிறு ஒரு நொடி சுண்டியது. விட்டேன், நீளமாக. குமிழிகள் மேலே போயின. உடம்பு அங்குலம் அங்குலமாக இறங்கியது. இழுத்தேன், அங்குலம் ஏறியது. கையை அசைக்காமல், காலை அடிக்காமல், மூச்சாலேயே ஏறி இறங்க முடிகிறது! ஈயம் நாலு கிலோவாகக் குறைந்திருந்தது.

பாறைக்கு அடியில் ஒரு குகை மாதிரி இடுக்கு. உள்ளே பெரிய கண்ணோடு முப்பது நாற்பது மீன்கள், சாம்பலும் பழுப்புமாக, வாசலைப் பார்த்து வரிசையாக நின்றன. பையன் டார்ச்சை அடித்தார். அத்தனையும் குங்குமச் சிவப்பு. டார்ச்சை அணைத்தார், மறுபடி சாம்பல். சூரிய ஒளியில் தண்ணீர் முதலில் குடித்துவிடுவது சிவப்பைத்தான். சில மீட்டர் இறங்கினாலே அது மங்க ஆரம்பித்துவிடும். பகலில் இருட்டில் ஒண்டி, இரவில் இரை தேடுகிற மீனுக்கு இந்தச் சிவப்பு ஒரு கறுப்புப் போர்வை. படகில் ஏறியதும், "சங்கராதானே?" என்றேன். "பாத்தா அப்படித்தான் இருக்கும். இது சோல்ஜர் ஃபிஷ்ணா."

அவர் மீன் பேரெல்லாம் ராமநாதபுரத்துப் பாட்டியிடம் கற்றவர் என்பதால் எங்களுக்குள் மொழிச் சிக்கல் இல்லை. ட்ரெவாலி என்றால் பாறை, பாராகுடா என்றால் சீலா, குரூப்பர் களவா, மோரே ஈல் அஞ்சாளை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போகிற எனக்குப் பாதி மீனை ஐஸ்மேல் படுத்த கோலத்தில்தான் தெரியும். லைட்ஹவுஸ் என்கிற டைவ் இடத்தில் அஞ்சாளை ஒன்று வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிரட்டவில்லையாம், மூச்சு விடுகிறதாம். அதற்கும் அதே பாடுதான்.

அக்வேரியம் என்கிற இடம் ஆழமில்லை, நிதானமாகப் பார்க்கலாம். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற நறநறச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. கடித்த சுண்ணாம்பை அரைத்து, பின்னால் மணலாகத் தூவிவிட்டுப் போகிறது. அந்த வெள்ளை மணலில் இதன் பங்கும் உண்டு. எல்லாம் அழகு என்று எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. பல இடத்தில் பவளம் செத்து, பாசி படர்ந்த சுள்ளிக் குவியலாகக் கிடக்கிறது. 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடுகிற பாசி சூட்டில் வெளியேறிவிடும். பாசி திரும்பி வராவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். இணையத்தில் போடுகிற படங்களில் அந்தச் சுள்ளிகள் வருவதில்லை.

ஒரு நாள் ஜானிஸ் கார்ஜுக்குப் படகு போனது. முப்பது மீட்டர் பக்கம், சுறா தென்படுகிற இடம். என்னைச் சேர்க்கவில்லை. "பத்து மீட்டர்தானே வித்தியாசம்?" என்று வாதாடிப் பார்த்தேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். கரையில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். அன்று மாலை திரும்பியவர்களிடம் சுறா பார்த்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

டைவ் 11: 16 மீட்டர், 44 நிமிடம். ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்கான மூன்று நிமிட நிறுத்தம் உள்பட. மேலே வந்தபோது 60 பார் மிச்சம்.

அடுத்த நாள் முழுக்க டைவ் கிடையாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உயரம் போனால் அழுத்தம் குறைந்து, சோடா மூடியைத் திறந்த மாதிரி ஆகிவிடும். மலை ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஊருக்குப் போனதும் ஏற்காடு ஏறலாமா என்று பையனிடம் கேட்டேன். விமானத்தின் உள்ளேயே ஏற்காட்டைவிட உயரத்துக்கான அழுத்தம் இருக்கலாம், அதைத் தாண்டிவிட்டால் மலை ஒன்றும் செய்யாது என்றார்.

ஊர் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மீன் மார்க்கெட். ஐஸ்மேல் சங்கரா, செக்கச்செவேலென்று. கடலுக்கு அடியில் இந்தச் சிவப்பு தெரியாது, சாம்பலாகத்தான் இருக்கும் என்று அவரிடம் விளக்கினேன். செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நிமிசம் இருந்த?"

"நாப்பத்திநாலு."

"மிச்சம்?"

"அறுவது."

"குழலை எடுத்துட்டு வந்து பட்டறையில பழைய எடத்துலயே வச்சுரு" என்றார். அப்புறம் மீன்காரம்மாவிடம், "ஒரு கிலோ போடும்மா, தலைய எடுத்துராத."