இடுப்பு ஆபரேஷனுக்கு வெயிட் பண்ணப்போ ஹோலிரூட்ல (ஸ்காட்லாந்து பார்லிமெண்ட்ல) ஒரு கேள்வி கேக்க வச்ச அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு இடது பக்க இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும்னு சர்ஜன் சொல்லி வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் ஏறுனது 2024 ஜனவரில. ஸ்காட்லாந்துல இதுக்கு ட்ரீட்மெண்ட் டைம் கேரண்டின்னு ஒண்ணு இருக்கு, ஆபரேஷன்னு முடிவான நாள்ல இருந்து 12 வாரத்துக்குள்ள நம்ம பகுதி ஆஸ்பத்திரிகள நடத்துற ஹெல்த் போர்டு பண்ணிடணும், 2011ல போட்ட பேஷண்ட் ரைட்ஸ் சட்டத்துலயே இருக்கு, 2012 அக்டோபர்ல இருந்து நடைமுறைல இருக்கு. அதனால ஏப்ரல்ல முடிஞ்சிடும்னு நாங்க பாட்டுக்கு லீவெல்லாம் பிளான் பண்ணி வச்சோம். ஏப்ரல் போச்சு, தீபாவளி போச்சு, அடுத்த ஜனவரியும் வந்துடுச்சு. மனுஷன் மாடிப்படி ஏறுறத விட்டு கீழ சோபாலயே படுக்க ஆரம்பிச்சிட்டாரு. போன் போட்டா "லிஸ்ட்ல இருக்கீங்க". அவ்ளோதான் பதில்.

கேரண்டின்னு பேர் வச்சிருக்காங்களே, மிக்சிக்கு குடுக்கிற கேரண்டி கார்டுக்கு கூட ஒரு மதிப்பு இருக்கேன்னு ஆத்திரத்துல அந்த சட்டத்தையே நெட்ல எடுத்து படிச்சேன். அதுல 20வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, இந்த சட்டத்த வச்சு நஷ்டஈடு கேக்க முடியாது. 12 வாரம் தாண்டினா ஏன் தாண்டுச்சுன்னு போர்டு நமக்கு விளக்கம் சொல்லணும், புகார் எங்க குடுக்கலாம்னு சொல்லணும். படிச்சிட்டு கொஞ்ச நேரம் லேப்டாப்ப மூடி வச்சிட்டேன்.

2025 ஜனவரி கடைசில ஸ்காட்லாந்து ஃபர்ஸ்ட் மினிஸ்டர் (நம்ம ஊர் முதல்வர் மாதிரி) ஜான் ஸ்வின்னி ஒரு பேச்சுல 2026 மார்ச்சுக்குள்ள யாரும் ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்கக் கூடாதுங்கிற மாதிரி இலக்கு சொன்னாரு. நியூஸ்ல பாத்துட்டு இவர் சோபால இருந்தே, "நாமதான் ஏற்கனவே ஒரு வருஷம் முடிச்சிட்டோமே, நீ யாருக்காவது எழுதேன்"னாரு. எனக்கு எழுதுறது பிரச்சனை இல்ல, யாருக்கு எழுதுறதுன்னுதான் தெரியல. ஊர்ல இருந்திருந்தா எம்எல்ஏ ஆபீஸ்ல மனு குடுத்திருப்போம், இங்க எம்பி ஒருத்தர் பேர்தான் எனக்கு தெரியும், நம்ம காமன்வெல்த் ஆளுங்கன்னு வந்த புதுசுலயே ஓட்டும் போட்டிருக்கேன், அதனால நேரா எம்பிக்கு ரெண்டு பக்கம் ஈமெயில் அடிச்சேன். மூணு நாள்ல மரியாதையா பதில் வந்துச்சு: ஹெல்த் ஸ்காட்லாந்து அரசாங்கத்தோட துறை, வெஸ்ட்மின்ஸ்டர்ல, அதாவது லண்டன் பார்லிமெண்ட்ல, இத பத்தி மினிஸ்டர கேக்க முடியாது, உங்க எம்எஸ்பிய (ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் உறுப்பினர) பாருங்க. விசா, இமிக்ரேஷன், ராணுவம்னா எம்பி. ஆஸ்பத்திரி, ஸ்கூல், போலீஸ், பஸ்னா எம்எஸ்பி. பத்து வருஷமா இங்க இருந்தும் எனக்கு இது மண்டைல ஏறல, என்னை மாதிரி நம்ம ஆளுங்க நிறைய பேர் இருப்பாங்கன்னுதான் இத எழுதுறேன்.

எம்எஸ்பின்னு தேடினா எட்டு பேர் வர்றாங்க! தொகுதிக்கு ஒருத்தர், அது போக பல தொகுதி சேர்ந்த ரீஜனுக்கு ஏழு பேர். மொத்தம் 129 பேர், 73 தொகுதி, 56 ரீஜன் லிஸ்ட். எட்டு பேருக்கும் ஒரே ஈமெயில தட்டி விட்டுடலாம்னு நான் நெனச்சேன், நல்லவேளை ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு அக்கா தடுத்தாங்க, "எட்டு பேருக்கும் போட்டா ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பாத்துப்பாருன்னு விட்டுடுவாங்கம்மா, ஒருத்தர புடி"ன்னாங்க. அந்த வார்த்தை தங்கம். நான் புடிச்சது ஒரு ரீஜன் எம்எஸ்பி. கட்சி எதுன்னு சொல்லல, சொன்னா பேச்சு அங்க போயிடும்.

அவங்க மாசத்துக்கு ஒரு தடவ லைப்ரரில உக்காந்து மக்கள பாப்பாங்க, அதுக்கு பேரு சர்ஜரி. நான் வீட்ல "வெள்ளிக்கிழமை சர்ஜரிக்கு போகணும்"னு சொன்னதும் இவர் முகம் அப்படியே மலர்ந்துச்சு பாருங்க, தேதி கிடைச்சிடுச்சுன்னு நெனச்சிட்டாரு பாவம்.

போனப்போ எம்எஸ்பி பேசினது கம்மி, பக்கத்துல இருந்த கேஸ்வொர்க்கர் பொண்ணுதான் எல்லாம், எம்எஸ்பிகிட்ட வர்ற பிரச்சனைய கவனிக்கிறவங்க. மொதல்ல ஒரு கன்சென்ட் ஃபார்ம்ல இவர் கையெழுத்து வேணும்னாங்க, பேஷண்ட் அவர்தான, நான் இல்லயே. அப்புறம் தெளிவா ஒண்ணு சொன்னாங்க, வரிசைல உங்கள முன்னாடி தள்ள எங்களால முடியாது, தள்ளவும் கூடாது, உங்களுக்கு முன்னாடி இருக்கிறவங்களுக்கும் இடுப்பு வலிதான். எனக்கு முகம் சுருங்கிடுச்சு, ஆனா நியாயம்தானே. முடியிறது ரெண்டு. போர்டோட தலைமை அதிகாரிக்கு எம்எஸ்பி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம். இன்னொண்ணு பார்லிமெண்ட்ல அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி. "கேள்வியா, நாங்களா?"ன்னேன். "கேக்குறது எம்எஸ்பி, எதை கேக்கணும்னு நீங்க சொல்லுங்க"ன்னாங்க.

இங்கதான் நான் நல்லா அடி வாங்கினேன். நான் எழுதிக் குடுத்த கேள்வி அரை பக்கம், அதுல சோபா இருக்கு, மாடிப்படி இருக்கு, இவர் ராத்திரி மாத்திரை போடுறது இருக்கு. அந்த பொண்ணு படிச்சிட்டு, இது கடிதத்துக்கு ஓகே, கேள்விக்கு ஆகாதுன்னுடுச்சு. கேள்வின்னா "ஸ்காட்லாந்து அரசாங்கத்தை கேட்பது யாதெனில்"ங்கிற மாதிரி ஒரே வாக்கியத்துல ஆரம்பிக்கணும், அரசாங்கத்தோட பொறுப்புல வர்ற விஷயமா இருக்கணும், சேம்பர் டெஸ்க்னு ஒரு செக்‌ஷன் இருக்கு அவங்க விதிப்படி இருக்கான்னு பாத்துதான் ஏத்துவாங்க. "ஏன் இவ்வளவு லேட்?"னு கேட்டா என்ன பதில் வரும் சொல்லுங்க, கோவிட், ஆள் பத்தல, வருத்தப்படுறோம், அவ்ளோதான், அது பதிலே இல்ல. எண்ணு கேளுங்க, காசு கேளுங்க, தேதி கேளுங்கன்னாங்க.

அப்போதான் எனக்கு காசு பக்கம் புத்தி போச்சு. 2024 ஏப்ரல்ல வெயிட்டிங் லிஸ்ட்ட குறைக்கவே 30 மில்லியன் பவுண்டுன்னு அறிவிச்சாங்க, டிசம்பர் பட்ஜெட்ல அடுத்த வருஷத்துக்கு 200 மில்லியன்னாங்க. மொத்த ஹெல்த் பட்ஜெட்டே 21 பில்லியனுக்கு மேல, அதுல இதெல்லாம் கொசுறுதான், ஆனா குறிப்பா இதுக்குன்னு சொல்லி குடுத்த காசாச்சே. இந்த காசுல பெரும்பகுதி லண்டன் ட்ரெஷரி பார்னெட் ஃபார்முலா கணக்குல அனுப்புறது, மிச்சத்துல நம்ம இன்கம் டாக்ஸும் இருக்கு, என் பேஸ்லிப்ல டாக்ஸ் கோடுக்கு முன்னால ஒரு எஸ் இருக்குமே, ஸ்காட்லாந்து ரேட்ல புடிக்கிறாங்கன்னு அர்த்தம். எனக்கு ரொம்ப நாளா அந்த எஸ் எதுக்குன்னே தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு கேள்வி கேக்குற தைரியமும் சேர்ந்து வந்துடுச்சு.

கடைசில கேள்வி ரெண்டாச்சு. எலும்பு மூட்டு ஆபரேஷனுக்கு 52 வாரத்துக்கு மேல காத்திருக்கிறவங்க போர்டு வாரியா எத்தனை பேர்? அந்த 30 மில்லியன்ல ஒவ்வொரு போர்டுக்கும் எவ்வளவு போச்சு, எதுக்கு செலவாச்சு? எழுத்துக்கேள்வி போட்டா ஒரு நம்பர் குடுப்பாங்க, எங்களோடது எஸ்6டபிள்யூன்னு ஆரம்பிச்சுது, 6னா அப்போ இருந்த ஆறாவது பார்லிமெண்ட். சாதாரணமா 10 வேலை நாள்ல பதில் வரணும்.

வந்துச்சு. எண்ணு கேட்டதுக்கு, பப்ளிக் ஹெல்த் ஸ்காட்லாந்து சைட்ல இருக்கு, லிங்க் இதுன்னு பதில். சரி, அது நியாயம், நானே முன்னாடி தேடியிருக்கணும். காசு கேட்டதுக்கு, போர்டுகளுக்கு பிரிச்சு குடுத்தாச்சு, அதுக்கப்புறம் அவங்க என்ன செலவு பண்ணாங்கங்கிற விவரம் சென்ட்ரலா வச்சுக்கலன்னு பதில். இந்த வாக்கியத்த கேஸ்வொர்க்கர் எத்தனையோ தடவ பாத்திருக்காங்க போல, சிரிச்சாங்க. 14 ஹெல்த் போர்டு இருக்கு, நடத்துறது அவங்கதான், அதனால அப்படித்தான் பதில் வரும், அப்போ விவரம் இருக்கிற எடத்துலயே போய் கேளுன்னாங்க.

அதாவது எஃப்ஓஐ. நம்ம ஆர்டிஐ மாதிரிதான், 10 ரூபா கூட கிடையாது, ஒரு ஈமெயில் போதும், 20 வேலை நாள். ஸ்காட்லாந்துக்கு 2002லயே தனி சட்டம், 2005 ஜனவரி 1ல இருந்து ஓடுது. எங்க போர்டு சரியா இருவதாவது நாள் சாயங்காலம் பதில் போட்டுச்சு: மொத்தத் தொகை குடுத்தாங்க, எலும்பு மூட்டுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு குடுக்கல. நான் விட்டிருப்பேன், ஆனா பதிலோட கீழயே ரிவ்யூ கேக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு. கேட்டேன், நாலு வரி ஈமெயில். இன்னொரு ஆள் பாத்து, இந்த தடவ பிரிச்ச கணக்கே வந்துடுச்சு! மொதல்ல இல்லாத பட்டியல் ஒரு மாசத்துல எங்கேர்ந்து மொளச்சுதுன்னு கேக்காதீங்க. தொகை இங்க எழுதல, எழுதினா எந்த போர்டுன்னு தெரிஞ்சிடும், ஆனா பாதிக்கு மேல எங்க லிஸ்ட்டுக்கு சம்பந்தமே இல்லாத எடத்துக்கு போயிருந்துச்சு. அதுக்கும் காரணம் இருக்கலாம், அங்கயும் நோயாளிங்கதான். ஆனா இது தெரியாமலே நான் ஒரு வருஷம் போன் போட்டுட்டு இருந்திருக்கேன்.

ஜூன்ல கேஸ்வொர்க்கர் கூப்டாங்க, எம்எஸ்பிக்கு வாய்மொழிக் கேள்விக்கு பேர் விழுந்திருக்கு, வர்றீங்களான்னு. இதுல யாரு கேக்கணும்னு குலுக்கல் மாதிரி, பேர் குடுத்தவங்கள்ல கம்ப்யூட்டர் எடுக்குது, அப்புறம்தான் கேள்வி எழுதிக் குடுக்கணும். வியாழக்கிழமை 11.40க்கு ஜெனரல் கொஸ்டின்ஸ், 12 மணிக்கு ஃபர்ஸ்ட் மினிஸ்டர் கேள்வி நேரம். கேலரிக்கு டிக்கெட் ஃப்ரீ, ஆனா வியாழக்கிழமைக்கு முன்கூட்டியே புக் பண்ணணும். இவரால அவ்வளவு தூரம் உக்காந்து வர முடியாது, நான் மட்டும் எடின்பரோ பஸ் ஏறினேன்.

உள்ள போக ஏர்போர்ட் மாதிரி செக்கிங். அந்த கட்டடத்துக்கே 414 மில்லியன் பவுண்டு ஆச்சு, மொதல்ல சொன்ன கணக்க விட பத்து மடங்குக்கு மேல, 2004ல தொறந்தாங்க. செலவ கேள்வி கேக்குற எடமே அப்படி கட்டியிருக்காங்கன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஆனா உள்ள அழகுங்க, மரமும் ஸ்டீலுமா கூரை, வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி எதிர் எதிர் பெஞ்சு இல்ல, அரை வட்டமா உக்காருறாங்க. கேலரில கைதட்டக் கூடாது, போன் சைலண்ட்.

எங்க கேள்வி நாலாவது. 20 நிமிஷத்துல அது வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுமோன்னு எனக்கு வயித்த கலக்குது, ஒவ்வொருத்தரும் நீட்டி நீட்டி பேசுறாங்க, நடுவுல பிரிசைடிங் ஆபீசர் (சபாநாயகர்) சுருக்கமா கேளுங்க, சுருக்கமா சொல்லுங்கன்னு அதட்டுறாங்க. எங்க எம்எஸ்பி எந்திரிச்சு அச்சடிச்சிருந்த கேள்விய படிச்சாங்க. மினிஸ்டர் ஃபைல்ல இருந்து ஒரு பதிலை படிச்சாரு. அது ரெண்டும் சடங்கு, எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல கேக்குற சப்ளிமெண்ட்ரி கேள்விதான் விஷயம், அதுக்கு மினிஸ்டர் கைல எழுதி வச்ச பதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "என் ரீஜன்ல ஒருத்தர் ஒன்றரை வருஷமா மாடி ஏறாம இருக்காரு"ன்னு ஆரம்பிச்சு, அவங்க போர்டுகிட்ட எஃப்ஓஐல வாங்கின கணக்கு இருக்கு, அரசாங்கம் குடுத்த காசு எங்க போச்சுன்னு ஒரு தனி ஆளு ரெண்டு ஈமெயில்ல கண்டுபிடிக்க முடியும்னா, அரசாங்கமே எல்லா போர்டுகிட்டயும் கேட்டு வாங்கி வெளியிடுமான்னு கேட்டாங்க.

ரெண்டு செகண்ட் தான். மினிஸ்டர் ஃபைல்ல ஒரு பக்கம் திருப்பினாரு, அப்புறம் அந்த நோயாளிக்கு வருத்தம் தெரிவிச்சிட்டு, இத பத்தி பாத்துட்டு எம்எஸ்பிக்கு எழுதி அனுப்புறேன்னாரு. முடிஞ்சது. மொத்தம் மூணு நிமிஷம் இருந்தா அதிகம். அஞ்சு மாசத்துக்கு மூணு நிமிஷம்.

அதுக்கப்புறம் ஃபர்ஸ்ட் மினிஸ்டர் நேரம் ஓடுச்சு, ஒரே கூச்சல், டிவில வர்றது அதுதான். ஆனா நான் இதுக்குள்ள ஒரு கிறுக்கு புடிச்சு கமிட்டி வீடியோவெல்லாம் பாக்க ஆரம்பிச்சிருந்தேன், பப்ளிக் ஆடிட் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கக் கணக்க தணிக்கை பண்ற ஆடிட் ஸ்காட்லாந்தோட ரிப்போர்ட்ட கைல வச்சுகிட்டு அதிகாரிங்கள ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சு கேக்குறாங்க. யாரும் கத்துறதில்ல. "அந்த காசுக்கு என்ன கிடைச்சுது?"ன்னு ஒரே கேள்விய நாலு விதமா மாத்தி மாத்தி கேப்பாங்க. எனக்கு கேட்டா அதுதான் உண்மையான வேலை, ஆனா கேமரா எல்லாம் 12 மணிக்குதான் வருது.

அன்னைக்கு சாயங்காலமே பேசினது எல்லாம் எழுத்துல வந்துடுச்சு, அஃபீஷியல் ரிப்போர்ட்னு பேரு. இவருக்கு அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்து குடுத்தேன். ரெண்டு தடவ படிச்சிட்டு, "ஒன்றரை வருஷமா மாடி ஏறாத ஆளு நானா? நடுவுல பொங்கலுக்கு ஏறுனேனே"ன்னாரு.

ஆகஸ்ட்ல ப்ரீ-ஆப் (ஆபரேஷனுக்கு முன்னாடி பண்ற) செக்கப்புக்கு லெட்டர் வந்துச்சு. இவர் ஒரே சந்தோஷத்துல "பார்த்தியா, கேள்வி வேலை செஞ்சிடுச்சு"ன்னு எல்லாருக்கும் போன் போட்டு சொல்றாரு. நான் கேஸ்வொர்க்கர்கிட்ட கேட்டேன். "இல்லங்க, உங்க முறை வந்துச்சு, அவ்ளோதான்"ன்னு அந்த பொண்ணு நேர்மையா சொல்லிடுச்சு. அப்போ கேஸ மூடிடலாமான்னு கேட்டாங்க. மினிஸ்டர் எழுதி அனுப்புறேன்னு சொன்ன கடிதம் வந்தாச்சான்னேன். லீவு முடிஞ்சு செப்டம்பர்ல பார்லிமெண்ட் கூடுறப்போ நினைவூட்டல் போடுறோம்னாங்க. அப்போ மூட வேணாம்னுட்டேன்.