மேலே பார்க்கும் மீன்

போன சனிக்கிழமை விடியும் முன்பே ஜோர்டன் ஏரியில் ஃபாரிங்டன் பாயின்ட் படகுத்துறைக்குப் போய்விட்டோம், நானும் பக்கத்துத் தெரு அண்ணனும். வட கரோலினாவில் கேரி பக்கம் இருப்பவர்களுக்கு இது பிக்னிக் போகும் ஏரி. உண்மையில் இது அணைத் தேக்கம். 1945 வெள்ளத்துக்குப் பிறகு திட்டம் போட்டு, ஹா ஆற்றை மறித்து, 1980களின் தொடக்கத்தில்தான் தண்ணீர் நிரப்பினார்கள். அதனால் பழைய சாலைகள் இன்னும் அடியில் கிடக்கின்றன. அந்த மாதிரி இடங்களையும் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளையும் ஒட்டித்தான் நாங்கள் பிடிக்கப் போன கிராப்பி என்ற நன்னீர் மீன் கூட்டமாக நிற்கும்.

தண்ணீர் 58 டிகிரி ஃபாரன்ஹீட். அறுபதைத் தாண்டினால் முட்டையிடக் கரையோரம் வந்துவிடும், இப்போது வரலாமா வேண்டாமா என்று நடுவில் நிற்கும் நேரம். தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியில் 12 அடி ஆழத்தில் ஒரு கிளைக்குவியல் தெரிந்தது, அதன் மேல் எட்டடியில் புள்ளி புள்ளியாக மீன். நான் தூண்டிலில் உயிர் மின்னோ என்ற குட்டி மீனை இரையாகக் கோத்து நேராக அடிவரைக்கும் இறக்கினேன், அரை மணி நேரம் தக்கை அசையவே இல்லை.

“தம்பி, அவ்வளவு கீழ விடாத. இது மேல பார்த்துத்தான் தின்னும்” என்றார் அண்ணன். கிராப்பிக்குக் கண் தலையில் மேலே தள்ளி இருக்கிறது, தனக்குக் கீழே போகிற இரையைப் பெரும்பாலும் சீண்டாது. தக்கையை நகர்த்தி ஏழடிக்கு வைத்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தக்கை அப்படியே சாய்ந்து படுத்தது. மூழ்கவில்லை, படுத்தது! மீன் இரையை வாயில் வாங்கி மேல்நோக்கி வந்தால் அப்படித்தான் ஆகும்.

சந்தோஷத்தில் வெடுக்கென்று சுண்டினேன், வாய் கிழிந்து மீன் போச்சு. இதன் வாயோரத் தோல் காகிதம் மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும், அதனால்தான் இங்கே இதைக் காகித வாயன் என்றே சொல்வார்கள். அடுத்ததில் கோலை மெல்ல உயர்த்தி, தூண்டில் நரம்பு தளராமல் கொண்டுவந்து, கைவலையில் ஏந்தினோம். வெள்ளி உடம்பில் கறுப்புப் பொட்டுகள், முதுகில் விரிந்த துடுப்பு, கையில் ஈரமாக அது துடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. முதுகு முள்ளை எண்ணினேன், ஏழு. ஏழு எட்டு இருந்தால் கறுப்புக் கிராப்பி, ஐந்து ஆறு என்றால் வெள்ளை.

பத்து அங்குலத்துக்குக் குறைந்ததையெல்லாம் திரும்ப விட்டுவிட்டோம். எட்டு மணிக்குப் பாலத்துக்கு மேலே வெண்தலைக் கழுகு ஒன்று வட்டமிட்டது, அப்புறம் காற்று எழும்பிப் படகு நிற்காமல் ஆட, பத்தரைக்கே கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தது பதினொரு மீன். வெள்ளைச் சதை, வாடையே இல்லை, நெத்திலிக்குப் போடுவது போல மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் ரவை போட்டுப் பொரித்தேன். அண்ணன் வீட்டுக்கு ஒரு டப்பா போயிருக்கிறது, வரும் சனிக்கிழமை தண்ணீர் அறுபதைத் தொட்டிருந்தால் கரையோரமாக முயற்சி செய்யலாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.